பதப்படுத்திய கடற்பாசியும் அதிலுள்ள புரதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவில் உணவுப் பகுப்பாய்வு செய்யும் ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காய்ந்த பாசியைப் பையில் போட்டுக்கொண்டு வரும் சிறு வணிகர்கள், இறுதியாண்டு ஆய்வுக்காக வரும் மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தொலைபேசியில் அழைக்கும் உறவினர்கள் என எல்லோரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாயால் பதில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போவதால், கேட்டவர்களின் பேச்சை முடிந்தவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை எளியவை. பின்னால் வருபவை ஆய்வக மேசையின் முன் நிற்பவர்களுக்கானவை.

நோன்பு மாசத்துல நாங்க காய்ச்சி ஊத்துற கடல்பாசிதானே இது? அதுலயும் புரதம் இருக்கா?

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. நோன்பு திறக்கும் நேரத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்துத் துண்டு போடுகிறோமே, அது அகர்-அகர். ஜெலிடியம், கிராசிலேரியா போன்ற சிவப்புப் பாசிகளைக் கொதிக்க வைத்து, கரைந்து வரும் மாவுப்பொருளை மட்டும் வடித்தெடுத்து உலர்த்தியதுதான் அந்த வெள்ளை இழை. பாசியில் இருந்த புரதத்தில் மிகச் சிறு எச்சமே அதில் மிஞ்சும். நீங்கள் ஊற்றும் பாலில்தான் அந்தப் பலகாரத்தின் புரதம் இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ‘கடற்பாசி’ என்று நான் சொல்வது முழுத் தாவரத்தை, அதாவது கடலில் வளர்ந்த நிலையிலோ உலர்த்திய நிலையிலோ உள்ள பாசியை.

எந்தப் பாசியில் புரதம் அதிகம்?

சிவப்பு, பச்சை, பழுப்பு என்று மூன்று பெருங்குடும்பங்கள் உள்ளன. சூஷியைச் சுற்றும் நோரி சிவப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உலர் எடையில் 30 விழுக்காட்டுக்கு மேல், நல்ல அறுவடையில் 40-ஐத் தாண்டியும் புரதம் இருக்கும். பச்சைப் பாசியான உல்வாவில் பெரும்பாலும் 10 முதல் 25 விழுக்காடு. ஜப்பானியச் சூப்புக்குப் போடும் கொம்பு போன்ற பழுப்புப் பாசிகளில் 15-க்குள் அடங்கிவிடும்.

சிவப்பு என்றாலே புரதம் மிகுதி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மலேசியாவின் சபா மாநிலத்தின் கிழக்குக் கரையில், செம்பூர்ணா என்ற ஊரைச் சுற்றிக் கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ், வணிகர் வாயில் ‘கொட்டோனி’, சிவப்புக் குடும்பம்தான். ஆனால் அதன் புரதம் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே நிற்கும். அதை வளர்ப்பது கேராஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக. ஒரே பாசியில்கூடப் பருவம், வெயில், கடல்நீரில் கிடைக்கும் நைட்ரஜன் ஆகியவற்றைப் பொறுத்து அளவு ஏறி இறங்கும்.

ஸ்பைருலினாவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்பைருலினா நுண்ணுயிர் வகையைச் சேர்ந்த நீலப்பச்சைப் பாசி, தொட்டியில் வளர்ப்பது. அதன் புரதம் 55 முதல் 70 விழுக்காடு வரை போகும், செல்சுவரும் மெல்லியது. அந்த எண்ணைக் கடற்பாசிக்கு எடுத்துப் பேசும் விளம்பரத்தைக் கண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரையில ஒதுங்குற பாசியை எடுத்துட்டு வந்தா சோதிச்சுத் தருவீங்களா?

சோதிக்கலாம், தின்னக் கூடாது. கரை ஒதுங்கியது அழுகத் தொடங்கிய பாசி. அதில் அளக்கப்படும் நைட்ரஜனில் பாக்டீரியாவின் பங்கும் சேர்ந்திருக்கும். எந்த இனம், எந்த நீரில் வளர்ந்தது என்பதும் தெரியாது.

தலைப்பில் “பதப்படுத்திய” என்று எழுதியிருக்கிறீர்களே, தொழிற்சாலையில் என்னதான் செய்கிறார்கள்?

அது பாசிக்குப் பாசி மாறும். கொம்பு வகைகளைச் சூடான நீரில் சில நிமிடம் முக்கி எடுப்பது, உப்பிட்டு வைப்பது, உலர்த்துவது. நோரியை நறுக்கித் தாள்போல் பரப்பி உலர்த்தி வறுப்பது. கொட்டோனியை வெயிலில் காயவைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக்கரைசலில் சூடாக வேகவைத்துக் கழுவுவது. காரத்தில் வெந்து, உலர்ந்து, பொடியாக்கப்பட்டதுதான் உணவுப் பொட்டலங்களில் இ407ஏ என்ற எண்ணோடு வருவது. அதை மேலும் தூய்மையாக்கினால் இ407.

ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் அன்று பறித்த, உறையவைத்து உலர்த்திய பாசியைக் கொண்டே கணக்குச் சொல்வார்கள். நம் கைக்கு வருவதோ இப்படிப் பல கைகள் மாறிய சரக்கு. கட்டுரையில் படித்த அளவு தனக்குக் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் வருத்தப்படுவதற்கு முதற்காரணம் இதுதான்.

பதப்படுத்தினா புரதம் போயிடுமா, போகாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க அக்கா.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கொம்பு வகையைச் சுடுநீரில் முக்கினால் உப்பும் அயோடினும் கரையும் சர்க்கரைகளும் வெளியேறுகின்றன. புரதமும் கொஞ்சம் போகும். ஆனால் மற்றவை அதைவிட அதிகமாகப் போவதால், மிஞ்சிய உலர்பொருளில் புரதத்தின் விழுக்காடு முன்பைவிடக் கூடித் தெரியலாம். விழுக்காடு கூடியதைப் பார்த்துப் புரதம் கூடியதாக எண்ணிவிடக் கூடாது. எத்தனை கிலோ உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்ற எடைக்கணக்கு இல்லாமல் இதைத் தீர்மானிக்க இயலாது.

சூட்டின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வறுக்காத நோரித் தாள் ஒன்றை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து தெரியும். அடுப்புத் தணலுக்கு மேல் இரண்டு முறை காட்டி எடுத்து மறுபடி பிடியுங்கள், பச்சையாகியிருக்கும். அந்தச் சிவப்பு, ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறப்புரதத்தின் நிறம். சூட்டில் அதன் மடிப்பு குலைந்து நிறம் மங்கியதும், அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. புரதம் எங்கும் போய்விடவில்லை, தாளிலேயேதான் இருக்கிறது. ஆனால் மடிப்பு குலைந்த புரதம் தண்ணீரில் முன்போல் கரையாது. தின்பவருக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை. கரைத்துப் பிரித்தெடுக்க நினைப்பவருக்குத்தான் நட்டம்.

காரத்தில் வேகவைப்பது வேறு கதை. அங்கே புரதத்தின் பெரும்பகுதி கரைந்து, வேகவைத்த நீரோடு வெளியேறுகிறது. கூழ்ப்பொருள் தயாரிப்பவருக்குத் தேவையும் அதுதான்.

அப்ப ஆலையில கீழ ஊத்துற தண்ணியில புரதம் இருக்குதே, அதை எடுத்து வித்தா என்ன?

இதைக் கேட்காத வணிகரே இல்லை, நியாயமான கேள்விதான். தடை மூன்று. அந்த நீரில் புரதம் மிக நீர்த்திருக்கும். காரமும் உப்பும் நிறைந்திருப்பதால் வடிகட்டிச் சீராக்கவே செலவாகும். மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, காரமும் சூடும் சேர்ந்தால் புரதத்தின் உள்ளேயே சேதம் ஏற்படும் என்பது. புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு அலகுகளால் ஆனது; அவற்றில் செரினும் சிஸ்டைனும் உருமாறி, லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தோடு பிணைந்து லைசினோஅலனின் என்ற பொருளாகின்றன. அப்படிப் பிணைந்த லைசின் நம் உடலுக்குப் பயன்படாது. எனவே எண்ணில் புரதம் என்று காட்டினாலும் உணவு மதிப்பு குறைந்த பொருளே கையில் மிஞ்சும். காரத்தில் வேகவைப்பதற்கு முன்பே குளிர்ந்த நிலையில் புரதத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய சக்கையைக் கூழ்ப்பொருளுக்கு அனுப்புவதுதான் என் பார்வையில் சரியான வரிசை.

தேங்காயை அரைச்சுப் பால் பிழியிற மாதிரி அரைச்சுப் பிழிஞ்சா வராதா?

ஒரு முறை வீட்டிலேயே செய்து பாருங்கள். கொட்டோனியை இரவு முழுவதும் ஊறவைத்து மிக்சியில் அரைத்தால், காலையில் மாவுக் கஞ்சிபோல் கெட்டியாக ஒரு விழுது கிடைக்கும். அதை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வடியும். வடிந்ததும் வழவழவென்றே இருக்கும். பாசியின் செல்சுவர் செல்லுலோஸ் மட்டுமன்று. சிவப்பில் கேராஜீனனும் அகரும், பழுப்பில் ஆல்ஜினேட்டும், பச்சையில் உல்வானும் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து நிற்கின்றன. புரதம் அந்தப் பின்னலுக்குள் சிக்கிக்கிடக்கிறது. தேங்காயில் இப்படிப்பட்ட கூழ் இல்லை.

பழுப்புப் பாசியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஃப்ளோரோடானின் என்ற பாலிஃபீனால்கள் புரதத்தைப் பற்றிக்கொண்டு கரைய விடாது. தேநீரின் துவர்ப்பு எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்து நாக்கை உலர வைக்கிறதே, அதே உறவுதான்.

பிறகு எப்படித்தான் எடுக்கிறீர்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

எங்கள் மேசையில் அதிகம் நடப்பது காரத்தில் கரைத்து அமிலத்தில் படிய வைக்கும் முறை. பாசியை முதலில் நன்றாகப் பொடியாக்குகிறோம். உறையவைத்து உருக்கினால் செல்கள் வெடித்து வேலை எளிதாகும். பொடியின் எடையைப்போல் பல மடங்கு காய்ச்சி வடித்த குளிர்நீரில் போட்டுச் சில மணி நேரம் கலக்குகிறோம். உப்புநீரில் வாழ்ந்த செல், உப்பற்ற நீரைக் கண்டதும் தாங்காமல் ஊதி உடையும். கரையும் புரதங்கள் இப்போதே வெளியே வரும். அதன் பிறகு சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாகவிட்டு பி.எச். அளவை, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, 11 அல்லது 12-க்கு ஏற்றினால், அடம்பிடித்த புரதங்களில் ஒரு பகுதியும் கரையும். இவை அனைத்தையும் குளிரில், ஏறத்தாழ 4 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் செய்வது, முன்பு சொன்ன லைசின் சேதத்தைக் குறைக்கவும், கூழ்ப்பொருள் மிகுதியாகக் கரைந்து வராமல் இருக்கவும்தான்.

அடுத்து மையவிலக்கில் சுழற்றிச் சக்கையை அடியில் இறக்கி, மேலே தெளிந்த நீரை எடுத்து, அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 4-க்கோ அதற்குக் கீழோ இறக்குகிறோம். புரதத்தின் மின்னேற்றம் சமனாகும் இடத்தில் அதற்குத் தண்ணீரோடு இருந்த ஒட்டுறவு குறைந்து, பால் திரிவதுபோல் திரிந்து படிகிறது. மறுபடி சுழற்றி, அடியில் இறங்கியதைக் கழுவி, உறைநிலையில் உலர்த்தினால் தூள் கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழுப்புப் பாசியின் சாற்றில் அமிலம் ஊற்றியதும் வெண்மையாகப் பெருங்கட்டி திரண்டு வரும். முதன்முறை பார்க்கும் மாணவர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து காட்டுவார். அதில் பெரும்பகுதி ஆல்ஜினிக் அமிலம். அதுவும் அமிலத்தில் படியும் பொருள்தான். சிவப்புப் பாசியில் கேராஜீனனின் சல்பேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. மிகத் தாழ்ந்த பி.எச். நிலையில் புரதம் நேர்மின்னேற்றம் பெறுவதால் இரண்டும் கட்டிக்கொண்டு சேர்ந்தே படியும். கட்டியின் அளவைப் பார்த்து மகிழாமல், அளந்து பார்த்த பிறகு மகிழலாம்.

நொதி போட்டா, அல்ட்ராசவுண்ட் வச்சா இன்னும் அதிகமா வராதா?

செல்லுலேஸ், சைலனேஸ் போன்ற நொதிகள் சுவரை அரித்து வழிவிடும். கேளா ஒலி அலைகள் செல்லை உடைக்கும். இரண்டும் உதவுகின்றன. ஆனால் சுவரின் அமைப்பு பாசிக்குப் பாசி மாறுவதால், ஒரு பாசிக்குப் பொருந்திய நொதி இன்னொன்றில் ஒன்றுமே செய்யாமல் போகலாம். புரதத்தையே அரிக்கும் நொதியைப் போட்டால் நிறையக் கரைந்து வரும். ஆனால் வருவது முழுப் புரதமன்று, துண்டுகள். அந்தத் துண்டுகள் அமிலத்தில் படியாது, மின்சாரம் செலுத்திப் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லிலும் சரியாகத் தெரியாது. சேர்த்த நொதியும் ஒரு புரதம் என்பதால், நொதி மட்டும் போட்ட வெற்றுக் கரைசலை அளந்து கழித்தே ஆக வேண்டும்; இதை மறந்து வந்த அறிக்கைகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் எவ்வளவு தேறும்?

ஒரு கற்பனைக் கணக்கு. 100 கிராம் உலர்ந்த பாசியில் 10 கிராம் புரதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரைசலுக்கு வந்தது 4 கிராம். அமிலத்தில் படிந்தது 2.5 கிராம். உலர்த்திய தூளை எடைபோட்டால் 6 கிராம் காட்டுகிறது, ஏனெனில் கூழ்ப்பொருளும் உப்பும் கூடவே வந்துவிட்டன. தூளில் புரதம் ஏறத்தாழ 42 விழுக்காடு, இது தூய்மை. பாசியிலிருந்த புரதத்தில் கைக்கு வந்தது 25 விழுக்காடு, இது மகசூல். இவை இரண்டும் வெவ்வேறு எண்கள். விற்பவர் பெரியதைச் சொல்வார். வாங்குபவர் இரண்டையும் கேட்க வேண்டும். இந்தக் கணக்குப்படி ஒரு கிலோ புரதத்துக்கு 40 கிலோ உலர்ந்த பாசி தேவைப்படும்.

சோயாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருந்தால்தான் ‘ஐசொலேட்’ என்கிறார்கள். 65-லிருந்து 90-க்குள் ‘கான்சன்ட்ரேட்’. அந்த அளவுகோலை வைத்தால் நாம் மேலே எடுத்தது இரண்டிலும் சேராது. அதைப் புரதம் செறிந்த பாசித்தூள் என்று அழைப்பதே நேர்மை.

நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

1883-இல் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்தில், தானியத்திலுள்ள புரதத்தைக் கணக்கிடுவதற்காக யோஹான் கெல்டால் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வடித்து அளப்பது அந்த முறை. புரதத்தில் சராசரி 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், 100-ஐ 16-ஆல் வகுக்க 6.25 வருகிறது. எல்லாப் புரதத்துக்கும் இது பொருந்தாது என்பது பழைய செய்திதான், பாலுக்கு 6.38, கோதுமை மாவுக்கு 5.7 என்று தனித்தனிக் காரணிகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன.

கடற்பாசிக்கு 6.25 மிக அதிகம். பாசியிலுள்ள நைட்ரஜன் முழுவதும் புரதமன்று; நைட்ரேட், அம்மோனியம், பச்சையம், டி.என்.ஏ., தனித்த அமினோ அமிலங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பல இனங்களின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாசிகளுக்குப் பொதுவாக 5 என்ற காரணியைப் பரிந்துரைத்தது. 2 விழுக்காடு நைட்ரஜன் உள்ள பாசிக்கு 6.25 போட்டால் 12.5, 5 போட்டால் 10. ஒரு துளியும் கூடுதலாக எடுக்காமல், பெருக்கல் எண்ணை மாற்றியே கால் பங்கு புரதத்தை ‘உண்டாக்க’ முடிகிறது. நைட்ரஜனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இல் சீனாவில் நடந்த பால்மாவுக் கொடுமை சான்று: எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனாக உள்ள மெலமினைக் கலந்து, புரதம் இருப்பதுபோல் காட்டினார்கள்.

ஒரே மூட்டையை ரெண்டு லேப்ல கொடுத்தேன், ரெண்டு நம்பர் வருது. யார் ஏமாத்துறாங்க?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். முதலில் காரணியைப் பாருங்கள். மேலே சொன்னபடி ஒருவர் 6.25-ம் மற்றவர் 5-ம் போட்டிருக்கலாம். அடுத்து, முறை. கெல்டாலில் நைட்ரேட் முழுமையாகப் பிடிபடாது. மாதிரியை எரித்து அளக்கும் டூமாஸ் முறையில் அதுவும் சேர்ந்துவிடும், எனவே டூமாஸ் எண் சற்றுக் கூடுதலாக வரும்.

மூன்றாவது ஈரம், வணிகர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான். வணிகத்தில் ‘காய்ந்தது’ எனப்படும் கொட்டோனியில் 35 விழுக்காட்டை ஒட்டி ஈரம் இருக்கும், மேலே உப்பும் பூத்திருக்கும். உலர்பொருள் அடிப்படையில் 4 விழுக்காடு புரதம் என்றால், மூட்டையில் உள்ளபடியே கணக்கிட்டால் 2.6தான். இரண்டும் சரியான விடை. எந்த அடிப்படை என்று அறிக்கையில் ஒரு வரி இல்லையென்றால் அந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பிராட்ஃபோர்ட் சோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, அது போதாதா? சூப்பர்வைசர் லோவ்ரி செய்யச் சொல்கிறார்.

இரண்டும் நிறத்தை வைத்து அளப்பவை. 1976-இல் வந்த பிராட்ஃபோர்டில் நீலச் சாயம் புரதத்தில், குறிப்பாக அர்ஜினின் உள்ள இடங்களில், ஒட்டுகிறது. 595 நானோமீட்டரில் அளக்கிறோம். நொதி அரித்த சிறு துண்டுகளை அது காணவே காணாது. புரதத்தைக் கரைக்கச் சோப்புத்தன்மையுள்ள பொருள் சேர்த்திருந்தால் அதையும் தாங்காது. 1951-இல் வந்த லோவ்ரி சிறு துண்டுகளையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் அதில் பயன்படும் வினைப்பொருள் ஃபீனால்களோடும் நிறம் தருவதால், பழுப்புப் பாசியில் இல்லாத புரதத்தையும் காட்டும்.

ஒரே பாசியின் ஒரே முறைச் சாறுகளைத் தமக்குள் ஒப்பிட, அதாவது பி.எச். 10 நல்லதா 12 நல்லதா என்று பார்க்க, இவை போதும். ‘இந்தப் பாசியில் இத்தனை விழுக்காடு புரதம்’ என்று உறையில் அச்சிட இவை போதா, அதற்கு அமினோ அமிலப் பகுப்பாய்வுதான் சரி. மாட்டின் இரத்தப் புரதத்தைத் தரமாக வைத்து வரைந்த கோட்டில் பாசிப் புரதத்தைப் படிக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அமினோ அமிலப் பகுப்பாய்வுதான் சரி என்கிறீர்கள். அதில் குறையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் இன்ன குறை என்று முன்கூட்டியே தெரிந்த குறை. மாதிரியை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், காற்றை வெளியேற்றி, 110 பாகையில் 24 மணி நேரம் வைத்துப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கிறோம். இதில் டிரிப்டோஃபேன் அழிந்துபோகும். அதற்குக் காரத்தில் தனியாக உடைக்க வேண்டும். சிஸ்டைனையும் மெத்தியோனினையும் முன்பே ஆக்சிஜனேற்றம் செய்துகொள்ள வேண்டும். அஸ்பராஜினும் குளூட்டமினும் தம் அமில வடிவத்துக்கு மாறிவிடுவதால் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

எல்லாவற்றையும் கூட்டும்போது, ஒவ்வோர் அமினோ அமிலமும் உடையும்போது பெற்றுக்கொண்ட ஒரு நீர் மூலக்கூறின் எடையைக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் விடை ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடும். பாசியில் தனித்துக் கிடக்கும் அமினோ அமிலங்களையும் அறிய வேண்டுமானால், உடைக்காத சாற்றை இன்னொரு முறை ஓட்டுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் உங்கள் பாசிக்கு ஒரு முறை செய்துகொண்டால், அதே மாதிரியின் நைட்ரஜன் அளவோடு ஒப்பிட்டு உங்களுக்கென்றே ஒரு காரணி கிடைத்துவிடும். பிறகு அதே பாசி, அதே பதம் இருக்கும்வரை மலிவான கெல்டாலே போதும்.

ஜெல் ஓட்டினேன் அக்கா, பட்டையே இல்ல. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கறை.

கறையும் ஒரு விடைதான். காரத்தில் சூடேறி வந்த மாதிரி என்றால் புரதம் பல நீளத் துண்டுகளாக வெட்டுப்பட்டிருக்கும். அது கறையாகத்தான் தெரியும். மாதிரியை ஊற்றும் ஜெல் குழியின், அதாவது கிணற்றின், வாயிலேயே கருமையாக நின்றுவிட்டால் கூழ்ப்பொருள் அடைத்திருக்கிறது. பழுப்பாக இழுத்துக்கொண்டு போனால் ஃபீனால்களைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த அசிட்டோனில் டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் கலந்து புரதத்தைப் படியவைத்து, அசிட்டோனில் நன்றாகக் கழுவி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பக்கத்துக் கிணற்றில் வறுக்காத நோரியின் குளிர்நீர்ச் சாற்றை ஓட்டுவது என் வழக்கம். ஃபைக்கோஎரித்ரினின் உள்ளலகுகள் 20 கிலோடால்டன் என்ற மூலக்கூறு எடையை ஒட்டித் தெளிவான பட்டையாக நிற்கும். அது வந்து உங்களுடையது வராவிட்டால், குற்றம் ஜெல்லில் இல்லை, மாதிரியில் இருக்கிறது என்று உறுதியாகும்.

பருப்பைவிட இது நல்லதா? உடம்பில் சேருமா?

நோரியின் அமினோ அமிலக் கலவை குறைசொல்லும்படி இல்லை. ஆனால் ஒரு நோரித் தாள் 3 கிராம்கூட இருக்காது. அதில் ஒரு கிராம் அளவே புரதம். ஒரு கைப்பிடி பருப்பு வேகவைத்தால் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். முழுப் பாசியாகத் தின்னும்போது நார்ப்பொருள் செரிமான நொதிகளைத் தடுப்பதால் புரதம் முழுவதும் உடைவதில்லை. பிரித்தெடுத்த புரதம் அதைவிட நன்றாகச் செரிக்கும். ஆய்வகத்தில் இதைப் பார்க்க, பி.எச். 3-இல் இரண்டு மணி நேரம் இரைப்பையைப் போலவும், பி.எச். 7-இல் இரண்டு மணி நேரம் சிறுகுடலைப் போலவும் நொதிகளோடு வைத்து, எவ்வளவு உடைந்தது என்று அளக்கிறோம். பருப்புச் சாம்பாரை நிறுத்திவிட்டுப் பாசிக்கு மாறச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை.

அந்தத் தூளில் அயோடினும் ஆர்செனிக்கும் சேர்ந்து வந்துவிடாதா?

வரலாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கொம்பு வகையில் ஒரு கிராமே அதைப் பல மடங்கு தாண்டக்கூடும். சுடுநீரில் முக்கினால் இது குறையும். பிரித்தெடுக்கும்போது அயோடினின் பெரும்பகுதி நீரோடு போனாலும், சில உலோகங்கள் புரதத்தையும் கூழ்ப்பொருளையும் பற்றிக்கொண்டு தூளில் செறியும். ஆகவே பாசிக்குக் கொடுத்த சான்றிதழைத் தூளுக்குக் காட்டக் கூடாது. தூளைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஹிஜிகி என்ற பழுப்புப் பாசியில் கனிம ஆர்செனிக் மிகுதி என்பதால் அதைத் தவிர்க்கும்படி பிரிட்டனின் உணவுத் துறை 2004-இலேயே அறிவுறுத்தியது. தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஆகுமா? ஹலாலா?

பாசி தாவர உணவு. ஆனால் பிரித்தெடுக்கையில் சேர்த்த நொதி எதிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன செரிமானச் சோதனையில் பயன்படும் பெப்சின் பன்றியிலிருந்து வருவது, ஆனால் அது சோதனைக் குழாயோடு நின்றுவிடும், உணவில் சேராது. கடலில் வளரும்போது சிறு இறாலும் நண்டும் பாசியில் ஒட்டிக்கொள்வதுண்டு. நோரிப் பொட்டலங்களில் அந்த எச்சரிக்கை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறால் ஒவ்வாதவர்கள் அந்த வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

உறையில் “புரதம் நிறைந்தது” என்று போட்டுக்கொள்ளலாமா?

அப்படிப் போடுவது மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளுக்கு உட்பட்டது. உங்கள் விருப்பத்துக்கு விட்டதன்று. சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள். அச்சிட்ட உறைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்துவிட்டு, அதன் பிறகு சோதனைக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் உறையில் இருந்தது ஏதோ ஒரு கட்டுரையில் படித்த நோரியின் எண். உள்ளே இருந்தது கொட்டோனி.

மாதிரி கொண்டு வரும்போது என்னென்ன வேண்டும்?

குறைந்தது 200 கிராம், காற்றுப் புகாத பையில், ஒரே மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் அள்ளிக் கலந்தது. ஒரு தாளில் பாசியின் பெயர், அறுவடை மாதம், உலர்த்திய விதம், வேகவைத்ததா, காரம் பட்டதா, கழுவியதா என்று எழுதி ஒட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். ஊகித்து எழுதியதைக் கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு அதிக நேரம் ஆகிறது. உப்புப் பூத்திருந்தால் தட்டிவிட்டுக் கொண்டு வராதீர்கள், அதோடேயே கொண்டு வாருங்கள்.